நோன்பு மாதமும் நம் பிள்ளையின் சோற்றுப் பொட்டலமும்

(பெக்கோக் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் நோன்பு மாதம் நெருங்கும்போது நம் மக்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். "பள்ளியில் என் பிள்ளை சாப்பிடலாமா, கூடாதா?" என்பது முதல் கேள்வி. "அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இல்லை?" என்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் உரக்கக் கேட்பதில்லை. கூட்டம் முடிந்த பிறகு ஓரமாக வந்து மெதுவாகக் கேட்பார்கள்: "ஐயா, என் மைகார்டில் இஸ்லாம் என்று இருக்கிறது. நான் கோயிலுக்குப் போகிறவன். இந்த மாதத்தில் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பிடிப்பார்களா?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் சட்டம் படித்தவன் என்ற முறையில் இன்று பதில் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் நோன்பைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். எதிரில் இருப்பவர் எதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்று தெரியாமல் நம் உரிமையை மட்டும் பேசினால், அந்தப் பேச்சு சண்டையில்தான் முடியும்.

நோன்பு யாருடைய சொல்?

மலாயில் புவாசா என்கிறோம். தமிழில் நோன்பு என்கிறோம். இது அரபுச் சொல் இல்லை, பழைய தமிழ்ச் சொல். மார்கழியில் பாவை நோன்பு இருந்த மரபு நம்முடையது. கந்த சஷ்டிக்கும் தைப்பூசத்துக்கும் புரட்டாசி சனிக்கும் நம் வீடுகளில் விரதம் இருக்கிறார்கள். தீமிதிக்குக் காப்புக் கட்டியவர் எத்தனை நாள் கட்டுப்பாடாக இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலம் 40 நாள். தமிழ் முஸ்லிம்களும் இந்த நோன்பு என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தொழுகை, பள்ளிவாசல், பெருநாள், பிறை என்று அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் நம் வீட்டுச் சொற்கள்தான்.

ரமலான் என்பது இஸ்லாமிய நாட்காட்டியின் ஒன்பதாவது மாதம். அது நிலவைக் கணக்கிட்டு வரும் நாட்காட்டி. அதில் ஓர் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். அதனால் ஒவ்வோர் ஆண்டும் நோன்பு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. 2005ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி தீபாவளி, 3ஆம் தேதி நோன்புப் பெருநாள். இரண்டு வீட்டுப் பலகாரமும் ஒரே வாரத்தில் தட்டு மாறியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2025இல் நோன்பு மார்ச் 2ஆம் தேதி தொடங்கியது. இப்படி நகர்ந்து நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் அது சுற்றி வந்துவிடும்.

விடியலுக்கு முன் எழுந்து சஹர் உணவு. அதன் பிறகு சூரியன் மறையும் வரை சோறும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை, சிகரெட்டும் இல்லை. நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எந்த மாதத்தில் வந்தாலும் ஏறத்தாழ 13 அல்லது 14 மணி நேரம். மாலையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறப்பார்கள். இரவில் தராவீஹ் தொழுகை. பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்காகத் தலைக்கு இவ்வளவு என்று ஃபித்ரா கொடுக்க வேண்டும். நோயாளி, பயணத்தில் இருப்பவர், பிள்ளை சுமப்பவர், பால் கொடுக்கும் தாய், தள்ளாத முதியவர் ஆகியோருக்கு அந்த மார்க்கமே விலக்குக் கொடுத்திருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. விட்ட நாளைப் பிறகு நோற்று ஈடு செய்வார்கள். நோற்கவே முடியாதவர் ஏழைக்கு உணவு கொடுத்து ஈடு செய்வார். பசி என்றால் என்ன என்று வயிறு நிறைந்தவனுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தப் பாடத்தின் அருமை நமக்குப் புரியும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பசி புதிதில்லையே.

நோன்புக் கஞ்சி உங்களுக்குத் தெரியும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, மல்லித்தழை, தேங்காய்ப்பால், வசதி இருந்தால் கொஞ்சம் கொத்திய ஆட்டிறைச்சி. தமிழ்நாட்டில் இருந்து வணிகர்களோடும் தொழிலாளர்களோடும் கப்பலேறி வந்த கஞ்சி இது. பினாங்கில் 1801இல் காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் இன்றும் நோன்பு மாதத்தில் இந்தக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2001 முதல் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுத்து வருகிறது. அங்கே தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் இந்துப் பிள்ளைகளும் உண்டு. "நீ எந்த மதம்?" என்று கேட்டுக் கஞ்சி ஊற்றும் வழக்கம் அங்கே இல்லை.

ஆகவே நோன்பு நமக்கு எதிரி இல்லை. நோன்பின் பெயரால் யாராவது நம் தட்டில் கை வைத்தால், பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் பிரிவு 3, இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்கிறது. அதே வாக்கியம் மற்ற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் கடைப்பிடிக்கலாம் என்றும் சொல்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாம் பாதியையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 11 ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைக் கொடுக்கிறது. பிரிவு 12, தனக்குரியதல்லாத சமயத்தின் போதனையையோ வழிபாட்டையோ ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்பது ஷரியா சட்டப்படி குற்றம் என்பது உண்மை. ஜொகூரில் 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது யாருக்கு? அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். ஷரியா நீதிமன்றத்துக்கு இஸ்லாம் சமயத்தைச் சேர்ந்தவர்கள் மீது மட்டும்தான் அதிகாரம். இந்து, கிறிஸ்தவர், பௌத்தர், சீக்கியர் எவரையும் அது விசாரிக்க முடியாது. முஸ்லிம் அல்லாத ஒருவர் நோன்பு நேரத்தில் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இந்த நாட்டில் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2025 மார்ச் மாதத்தில், நம் ஜொகூர் பாருவில், ஒரு பேரங்காடியில் இருந்த சிறு கடையில் 21 வயது இளைஞர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முஸ்லிம் அல்ல. வயதான ஒருவர் வந்து, ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்டு அவரை அறைந்தார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. அறைந்தவரைப் போலீஸ் கைது செய்தது. தண்டனைச் சட்டத்தின் பிரிவு 323 வேண்டுமென்றே காயம் விளைவிப்பதைப் பற்றியது. ஓராண்டுச் சிறை அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சாப்பிட்டவன் குற்றவாளி இல்லை, கை ஓங்கியவன்தான் குற்றவாளி. அந்தச் செயலைக் கண்டித்தவர்களில் முஸ்லிம்கள் ஏராளம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017இல் மூவாரில் ஒரு துணி வெளுக்கும் கடை முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தபோது, அதை நிறுத்தச் சொன்னவர் ஜொகூர் சுல்தான்தான். இந்த மாநிலத்தின் மரபு அது.

உங்களுக்கு அப்படி நேர்ந்தால் திருப்பி அடிக்காதீர்கள். "நான் முஸ்லிம் இல்லை" என்று அமைதியாகச் சொல்லுங்கள். முஸ்லிம்களின் மைகார்டில்தான் இஸ்லாம் என்ற சொல் அச்சாகி இருக்கும். உங்களுடையதில் இருக்காது. நேரம், இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அன்றே போலீஸ் புகார் கொடுங்கள். புகாரின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பிள்ளையின் பசி

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விடியற்காலையில் அம்மா செம்பனைக் காட்டுக்குப் போய்விடுகிறாள். அப்பா லாபிஸிலோ சிகாமட்டிலோ ஷிப்ட் வேலையில் இருக்கிறார். பிள்ளை காலையில் ஒரு டம்ளர் தேநீரோடு பஸ் ஏறுகிறது. இடைவேளையில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கிடைப்பதுதான் அந்தப் பிள்ளையின் முதல் சாப்பாடு. சிற்றுண்டிச்சாலையை ஒரு மாதம் மூடிவிட்டால் நோன்பு வைக்காத அந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்கும். வசதியான வீட்டுப் பிள்ளை காரில் வந்து காரில் போகும். அடி விழுவது ஏழைப் பிள்ளையின் வயிற்றில்தான்.

2013 ஜூலையில், நோன்பு மாதத்தில், சுங்கை பூலோவில் ஒரு தேசியப் பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் குளியலறையை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் படம் வெளிவந்தது. சிற்றுண்டிச்சாலை புதுப்பிக்கப்படுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். காரணம் எதுவானாலும், பிள்ளை சோறு தின்னும் இடம் குளிக்கும் இடமாக இருக்கக் கூடாது என்பதை எந்தத் தாயும் ஒப்புக்கொள்வாள். 2024 மார்ச்சில் கல்வியமைச்சர் ஃபட்லினா சிடேக், நோன்பு மாதத்திலும் நோன்பு இல்லாத மாணவர்களுக்காகப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகள் திறந்திருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். இதை நினைவில் வையுங்கள். நாம் சலுகை கேட்கவில்லை, அமைச்சே சொன்னதைத்தான் கேட்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்? நோன்பு தொடங்கிய பிறகு கோபப்படுவதில் பயனில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் நான்கு கேள்விகள் போதும். சிற்றுண்டிச்சாலை திறந்திருக்குமா? வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்தால் உட்கார்ந்து உண்ண மேசை நாற்காலியோடு சுத்தமான இடம் எது? இலவச உணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த உணவு தொடருமா? உடற்பயிற்சி வேளையில் பிள்ளை தண்ணீர் குடிக்கலாமா? மரியாதையாக எழுதுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

அதோடு வீட்டில் பிள்ளைக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து மேசையில் நோன்பு வைத்திருக்கும் சிநேகிதன் முகத்துக்கு நேரே ஐஸ் தண்ணீரைக் காட்டிக் குடிப்பது வீரம் இல்லை. கூட்டாளி தைப்பூச விரதத்தில் இருக்கும்போது அவன் எதிரில் கோழிக்காலைக் கடிப்போமா? ஒதுக்கிய இடத்தில் நிம்மதியாகச் சாப்பிடு, பிறகு அவனோடு போய் விளையாடு. இதை நீங்கள் சொல்லிக் கொடுத்தால், ஆசிரியர் அதட்ட வேண்டிய தேவையே வராது.

வேலை இடத்தில்

இரண்டாவது கேள்வி வேலையைப் பற்றியது. ஜொகூரில் ரமலான் முதல் நாள் மாநிலப் பொது விடுமுறை. தைப்பூசமும் பொது விடுமுறை. ஆனால் தனியார் தோட்டமோ தொழிற்சாலையோ எல்லா விடுமுறையையும் கொடுக்க வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் பிரிவு 60டி, ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும் என்கிறது. தேசிய தினம், பேரரசர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளர் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்கும் முன்பே எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். உங்கள் வேலை இடத்தில் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறதா? அதில் தீபாவளி இருக்கிறதா? அதைப் பார்க்காமல் அக்டோபர் மாதம் வந்து அழுவதில் பயனில்லை.

அந்தப் பட்டியலில் உள்ள விடுமுறையில் வேலைக்குக் கூப்பிட்டால், மாதச் சம்பளக்காரருக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி தர வேண்டும். மாதம் 1,700 வெள்ளி வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 சென். விடுமுறை நாள் வேலைக்கு அவருக்குக் கூடுதலாக ஏறத்தாழ 130 வெள்ளி 77 சென் சேர வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துக் கணக்குப் பாருங்கள்.

நோன்பு வைப்பவர் மதிய உணவு நேரத்தை விட்டுக்கொடுத்து முன்னதாக வீட்டுக்குப் போவதைப் பார்த்து மனம் குமைகிறவர்கள் நம்மில் உண்டு. யோசித்துப் பாருங்கள். அவர் இடைவேளை எடுக்காமல் அந்த நேரத்தை முன்னால் நகர்த்துகிறார், அவ்வளவுதான். உங்களுக்குரிய இடைவேளையில் யாரும் கை வைக்க முடியாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 60ஏ. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். "எல்லோரும் நோன்பு, நீயும் இடைவேளை இல்லாமல் செய்" என்று மண்டோர் சொன்னால் அது சட்டவிரோதம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். முஸ்லிம் தொழிலாளருக்குக் கொடுப்பதைப் பிடுங்கு என்று நாம் ஒருபோதும் கேட்கக் கூடாது. நமக்கும் கொடு என்றுதான் கேட்க வேண்டும். ரமலானுக்காக நிர்வாகம் வேலை நேரத்தை மாற்றியமைக்க முடியும் என்றால், தைப்பூச விரதத்துக்கும் தீமிதி வாரத்துக்கும் மாற்றியமைக்க முடியும். அந்த முன்மாதிரியைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். பாகுபாடு காட்டினால் பிரிவு 69எஃப் படி தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். அந்த அதிகாரம் 2023 முதல் நடப்பில் இருக்கிறது.

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். இன்று செம்பனைக் காட்டில் உங்களோடு குலை வெட்டுபவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருக்கிறார். நோன்போடு வெயிலில் அரிவாள் தூக்குகிறார். கடன் வாங்கி வந்தவர், குடும்பம் கடலுக்கு அப்பால். நம் தாத்தா பாட்டி இந்த மண்ணுக்கு வந்த கதையும் அதுதானே? கூலி உயராததற்கு அவர் காரணம் இல்லை. நம் இருவரையும் மோதவிட்டுக் கூலியைத் தாழ்த்தி வைப்பவர்கள்தான் காரணம்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

மூன்றாவது கேள்வி மிகவும் வேதனையானது. பிறந்தது முதல் இந்துவாக வாழ்கிறார், மைகார்டில் இஸ்லாம் இருக்கிறது. அப்பா மதம் மாறி இருக்கலாம், வளர்ப்புப் பிள்ளையாக இருக்கலாம், பதிவில் தவறு நேர்ந்திருக்கலாம். இவருக்கு நோன்பு மாதம் முழுவதும் பயம். ஷரியா அதிகாரி அட்டையைப் பார்த்தால் அவர் கண்ணில் இவர் முஸ்லிம்.

வழி உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே வழி இல்லை. இந்திரா காந்தி வழக்கில் 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையை மதம் மாற்றத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒருவர் தன்னிச்சையாகச் செய்த மாற்றம் செல்லாது. 2021 பிப்ரவரியில் ரோஸ்லிசா வழக்கில், பிறப்பிலேயே முஸ்லிமாக இல்லாத ஒருவர் அதை உறுதிப்படுத்தச் சிவில் நீதிமன்றத்துக்கே வரலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒருவர் உண்மையில் மதம் மாறிவிட்டுப் பிறகு வெளியேற விரும்பினால், 2007இன் லீனா ஜாய் தீர்ப்புப்படி அது ஷரியா நீதிமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதை நீண்டது, கடினமானது. ஆகவே பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பதிவு, பழைய பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டுக்குள் மறைத்து வைத்தால் பிரச்சினை பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். உயிரோடு இருக்கும்போது தீர்க்காவிட்டால் இறந்த பிறகு உடலுக்கு வழக்கு நடக்கும். 2005இல் மூர்த்தி குடும்பம் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

நம் பக்கம்

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியில் நோன்பைக் கிண்டல் செய்து படம் போடாதீர்கள், வந்ததை அனுப்பவும் செய்யாதீர்கள். ஒருவரின் சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தினால் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 298 இருக்கிறது. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் பிரிவு 233 இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் சாமியைக் கிண்டல் செய்தால் நமக்கு எப்படி வலிக்கிறது? அதே வலிதான் அவர்களுக்கும். கோயிலை உடைக்காதே என்று கேட்கும் நமக்கு, அடுத்தவர் வழிபாட்டை மதிக்கும் தகுதி முதலில் வேண்டும்.

மரியாதை என்பது நாம் மனமுவந்து கொடுப்பது. பயத்தால் கொடுத்தால் அது அடிமைத்தனம். நோன்பு வைத்திருக்கும் நண்பர் எதிரில் நீங்களாகவே தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தால் அது உங்கள் பண்பு. "வைடா கீழே" என்று ஒருவன் மிரட்டி நீங்கள் வைத்தால் அங்கே உங்கள் உரிமை பறிபோகிறது. இந்த வித்தியாசத்தை நம் பிள்ளைகளுக்குப் புரிய வைத்தால் போதும். அவர்கள் எவரையும் அவமதிக்கவும் மாட்டார்கள், எவருக்கும் தலை குனியவும் மாட்டார்கள்.

ஆகவே வீடு திரும்பியதும் மூன்று வேலை செய்யுங்கள். பிள்ளையின் பள்ளிக்குக் கடிதம் எழுதப் பக்கத்து வீட்டுப் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை இடத்தில் விடுமுறைப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருடைய மைகார்டையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் பெயர், மதம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

நான்காவதாக ஒரு வேண்டுகோள். அடுத்த நோன்பு மாதத்தில் ஒரு மாலை, பெக்கோக்கில் உங்களுக்குத் தெரிந்த முஸ்லிம் குடும்பத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டு போய்க் கொடுங்கள். அவர்கள் வீட்டுக் கஞ்சியோ குவேயோ உங்கள் பாத்திரத்தில் திரும்பி வரும். அரசியல்வாதிகள் மேடையில் பேசும் ஒற்றுமையைவிட அந்தப் பாத்திரம் உறுதியானது. ஆனால் பாத்திரம் கைமாறும்போது இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு சட்டம் பேசினேன்.